இங்கிலீஷ் தொலைச்ச 'நீ'

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். இங்கிலீஷ்ல 'நீ'க்கு என்ன வார்த்தை, 'நீங்க'வுக்கு என்ன வார்த்தை? ரெண்டுக்கும் 'யூ'தானேன்னு சொல்வீங்க. நானூறு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா பதில் வேற.

பழைய இங்கிலீஷ்ல ஒருத்தர்கிட்ட பேசினா 'தௌ', பல பேர்கிட்ட பேசினா 'யே'. அவ்வளவுதான், மரியாதைக் கணக்கு கிடையாது. 'தீ'ன்னா உன்னை, 'தை'ன்னா உன்னோட, 'தைன்'னா உன்னுது. 'யூ'ங்கிறது முதல்ல 'உங்களை'ங்கிற இடத்துல மட்டும் வந்த வார்த்தை.

1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அரண்மனையில பிரெஞ்சு பேச்சு வந்துச்சு. பிரெஞ்சுல பெரியவங்க ஒருத்தரா இருந்தாலும் பன்மையிலதான் கூப்பிடுவாங்க. அந்தப் பழக்கம் மெல்ல இங்கிலீஷுக்கும் தொத்திக்கிச்சு. மேல இருக்கிறவங்களுக்கு 'யூ'; வேலைக்காரங்க, குழந்தைங்க, நெருங்கின நண்பர்களுக்கு 'தௌ'. ஆகாதவங்களை அவமானப்படுத்தவும் அதே 'தௌ'. 1603-ல சர் வால்டர் ராலே மேல ராஜதுரோக வழக்கு நடந்தப்போ, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேணும்னே அவரை 'தௌ' போட்டுத் திட்டினார். நம்ம ஊர்ல சபையில ஒருத்தரை 'டேய்'னு கூப்பிடுற மாதிரி.

இங்கதான் குவேக்கர்கள் வர்றாங்க. 1650-கள்ல ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிநடத்தின இந்த கிறிஸ்தவக் குழு, கடவுள் முன்னாடி எல்லாரும் சமம்னா பணக்காரனுக்கு ஒரு வார்த்தை, ஏழைக்கு ஒரு வார்த்தை எதுக்குன்னு கேட்டுச்சு. நீதிபதியா இருந்தாலும் 'தௌ'தான். இதை நியாயப்படுத்த, பல மொழிகளோட ஒருமை, பன்மையை வரிசையா எடுத்துக்காட்டி 1660-ல ஃபாக்ஸும் நண்பர்களும் ஒரு புத்தகமே போட்டாங்க.

அதுக்கு அவங்க கொடுத்த விலை சின்னதில்ல. தாமஸ் எல்வுட்னு ஒரு இளைஞர், சுமார் இருபது வயசு. குவேக்கர் ஆனதும் அப்பாவையே 'தௌ'ன்னு கூப்பிட்டார். அப்பாவுக்கு அது பச்சை அவமரியாதை. கையை முறுக்கிக்கிட்டு அடிச்சார். இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்தா பல்லைத் தட்டிடுவேன்னு மிரட்டினார். எல்வுட் மாத்திக்கல. பின்னாடி, கண் தெரியாத கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் படிச்சுக் காட்டினது இதே எல்வுட்தான்.

கடைசியில சமத்துவம் வந்துச்சு, ஆனா குவேக்கர்கள் கேட்ட வழியில இல்ல. எல்லாரையும் 'தௌ'ன்னு கூப்பிடுறதுக்குப் பதிலா, எல்லாரையுமே 'யூ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. எதிர்ல நிக்கிறவர் யாருன்னு தெரியாதப்போ மரியாதை வார்த்தைதானே பத்திரம்! 'தௌ' சில வட்டார வழக்குகள்லயும், குவேக்கர் வீடுகள்லயும், ஜெபத்துலயும் ஒதுங்கிடுச்சு.

1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள், கடவுளோ திருடனோ, ஒருத்தர்னா 'தௌ'ன்னே எழுதுச்சு. பேச்சுல செத்துப்போன வார்த்தையை மக்கள் சர்ச்சுல மட்டுமே கேட்டதால, இன்னைக்கு அது ரொம்ப பவ்யமான வார்த்தை மாதிரி தோணுது. அடுத்த தடவை பழைய நாடகத்துல 'தௌ' வந்தா, யார் யார்கிட்ட சொல்றாங்கன்னு பாருங்க. அது கொஞ்சலாவும் இருக்கலாம், அடியாவும் இருக்கலாம்.