அரை இஞ்சு மரையும் ஒழுகும் குழாயும்

பொம்மிடி தருமபுரி மாவட்டத்தில், ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் உள்ள ஊர். இங்கும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பழைய வீடுகளில் குழாய் ஒழுகுவது புதிய செய்தி அல்ல. கீழே ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒழுகலுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது!

இரண்டு வகை ஒழுகல்:

குழாயின் வாயில் சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். திருகினால் வாஷர் கீழிறங்கி நீரை அடைக்கும் குழாய்க்கு, இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் 1845-ல் காப்புரிமை பெற்றது. வாஷரை மாற்றினால் அந்த ஒழுகல் நின்றுவிடும்.

சுவரை ஒட்டிய கழுத்தில் கசிந்தால் கதை வேறு. அங்கே கோளாறு மரையில்.

அரை இஞ்சு எங்கே?

கடையில் "அரை இஞ்சு குழாய்" என்று கேட்டு வாங்கி, அதன் மரையை அளந்து பார்த்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது முக்கால் இஞ்சுக்கும் மேல்! கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்தக் காலத்து இரும்புப் பைப்பின் உள் துவாரத்தை வைத்து வந்த பெயர் அது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பம்போல் மரை வெட்டியது. ஒருவர் செய்த திருகு இன்னொருவர் செய்ததில் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர், மரையின் கோணம் 55 பாகை என்றும், ஒவ்வொரு அளவுக்கும் இஞ்சுக்கு இத்தனை சுற்று என்றும் ஒரே முறையை முன்வைத்தார். பைப் மரைகளும் பிறகு அந்தக் கோணத்தையே பின்பற்றின. அரை இஞ்சுப் பைப்புக்கு இஞ்சுக்கு 14 சுற்று.

இந்தியா 1956-ல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறியது. படி, மணங்கு எல்லாம் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. பைப் மரை மட்டும் இஞ்சிலேயே நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுப் பழைய பைப்பில் இன்று வாங்கிய குழாய் பொருந்துவது அதனால்தான்.

துருவும் சணலும்:

ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குப் பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் 1837-ல் காப்புரிமை பெற்றார். மரை வெட்டும்போது அந்தப் பூச்சு அறுபட்டுப் போகும். எனவே துரு முதலில் பிடிப்பது மரையைத்தான். அதில் பித்தளைக் குழாயைப் பொருத்தினால் இரு உலோகங்கள் நீரில் சேர்ந்து, இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

எவ்வளவு இறுக்கினாலும் மரைகளுக்கு இடையே நூலளவு சந்து இருக்கும். அதை அடைக்கப் பழைய பிளம்பர்கள் சணல் நாரைச் சுற்றி வெள்ளை ஈயப் பசையைத் தடவினார்கள். சணல் நனைந்து ஊதிச் சந்தை அடைக்கும். ஆனால் ஈயம் நஞ்சு! இன்று அதன் இடத்தில் இருப்பது டெஃப்லான் டேப். அந்தப் பொருளை 1938-ல் அமெரிக்காவின் ராய் பிளங்கெட் வேறொரு ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டார்.

சரி செய்யும் முறை:

முதலில் வால்வை மூட வேண்டும். ஒரு ரென்ச்சால் சுவரில் உள்ள எல்போவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் குழாயைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் துருப்பிடித்த பைப் சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். பழைய வெள்ளைப் பசையைக் காய்ந்தபடி சுரண்டித் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். குழாய் நேராக நிற்கட்டும் என்று பின்னோக்கித் திருப்பினாலும் மீண்டும் கசியும். அப்போது கழற்றிப் புதிதாகத்தான் சுற்ற வேண்டும். மரையே அரித்துப் போயிருந்தால் டேப் உதவாது, எல்போவை மாற்றத்தான் வேண்டும்.

சொட்டு நீரின் விலை:

தருமபுரி மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்திய அளவுகோல். அதை மீறிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் கறை படியும், எலும்புகளும் பாதிக்கப்படும். இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஜப்பான் கடனுதவியுடன் ரூ.1,900 கோடிக்கும் மேல் செலவாகி, 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும், நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல் போகும். ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல்! விட்டு விட்டு நீர் வரும் ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெருவில் புதைந்த பைப்பின் மூட்டு கசிந்தால், நீர் வராத நேரத்தில் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள சாக்கடை நீரை அதே சந்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆற்றிலிருந்து மலைகளைத் தாண்டி வந்த நீர், கடைசி அரை இஞ்சில் வீணாவது நியாயமா? அதைத் தடுக்கத் தேவைப்படுவது ஒரு சுருள் டேப்பும் கால் மணி நேரமும்தான்.