இருட்டடிப்பிற் பிறந்த விளையாட்டு

1939 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் முதலாந் திகதி மாலையிலே பிரித்தானியா முழுவதும் இருளில் மூழ்கியது. போர்ப் பிரகடனத்துக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. ஆயினும், பகைவரின் விமானங்களுக்கு ஊரும் தெருவும் தெரியலாகாது என்னும் நோக்கத்துடன் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வீட்டுச் சன்னல்களெல்லாம் கறுப்புத் துணியால் மூடப்பட்டன. அம்மாதத்திலேயே பெற்றோலும் பங்கீட்டுக்கு வந்தது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் ஐந்தாந் திகதி யப்பானியரின் குண்டுகளை ஏற்ற கொழும்பு மாநகரும் இத்தகைய இருளைச் சிலகாலம் அறிந்திருந்தது. பிரித்தானிய மக்களுக்கோ அது ஐந்தாண்டுக்கு மேல் நீடித்த இருள். மாலை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கணவனும் மனைவியும் ஒரு விளக்கின் கீழ் அமர்ந்திருத்தலே அவர்களுக்கு நாளாந்த வாழ்க்கையாயிற்று.

அவ்விருளிலே, பேர்மிங்காம் நகரின் கிங்ஸ் ஹீத் என்னும் பகுதியில், அந்தனி பிராற் என்பவரும் அவருடைய மனைவி எல்வாவும் வாழ்ந்தனர். பிராற் 1903 ஆம் ஆண்டிலே பிறந்தவர். அவருடைய தொழில் பியானோ வாசித்தல். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டுப்புறத்துப் பெரிய விடுதிகளிலும் பயணக் கப்பல்களிலும் விருந்தினருக்காக வாசித்து வந்தார். போர் மூண்டபின் பியானோவுக்கு எங்கே இடம்? யுத்த தாங்கிகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலையொன்றில் அவர் வேலைக்குப் போகவேண்டியதாயிற்று.

விடுதிகளிலே பிராற் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கண்முன்னே நடந்த ஒரு கேளிக்கை உண்டு. பெரிய மாளிகைகளிலும் விடுதிகளிலும் கூடிய விருந்தினர் தமக்குட் சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கொலையாளியாக்குவர். அவர் இன்னார் என்பது அவருக்கு மாத்திரமே தெரியும். பின்னர் விளக்குகள் அணையும். இருண்ட நடைகளில் எல்லோரும் உலாவுவர். கொலையாளி ஒருவரைத் தொட்டவுடன் தொடப்பட்டவர் கூச்சலிட்டு விழுவார். விளக்கேற்றி விசாரணை தொடங்கும். ஏனையோர் உண்மையே உரைத்தல் வேண்டும்; கொலையாளி ஒருவருக்கே பொய்யுரைக்கும் உரிமை உண்டு. இவ்விளையாட்டு அந்நாளில் எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். நியூசீலாந்து எழுத்தாளர் நையோ மார்ஷ் 1934 இல் வெளியிட்ட தம் முதற் துப்பறியும் நாவலிலே இந்த விளையாட்டினிடையே மெய்யான கொலையொன்று நடந்துவிடுவதாகக் கதையை அமைத்தார்.

இவ்வேடிக்கைக்கு வேண்டியவை பெரிய மாளிகை, நிறைந்த விருந்தினர், அவர்கள் வந்து சேர்வதற்கு வாகனம் என்னும் மூன்றுமாம். போர் இம்மூன்றையும் பறித்துவிட்டது. விளையாட்டுக்காக விளக்கை அணைத்தவர்கள் உயிருக்கு அஞ்சி விளக்கை அணைக்கவேண்டிய காலம் வந்தது. பிராற் தம்பதியர் செய்தது யாதெனின், அம்மாளிகை முழுவதையும் சுருக்கித் தம்முடைய சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்ததேயாம். விதிகளைக் கணவர் வகுத்தார். மாளிகையின் அறைகளைப் பலகையில் வரைந்தவர் எல்வா. 1944 ஆம் ஆண்டு திசெம்பர் முதலாந் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பம் சென்றது. கணவர் பெயரிலேயே சென்றது. பலகையை வரைந்த கைக்கு அவ்வேட்டில் இடமில்லை. அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லிவிடலாம்; சொல்லிவிட்டாலும் குறை குறைதான்.

அவ்விண்ணப்பத்திலே இருந்த விளையாட்டு பின்னர் உலகம் அறிந்த விளையாட்டிலும் சற்றுக் கொடியது. பத்து மாந்தர்களும் ஒன்பது ஆயுதங்களும் அதிலே இருந்தனர், இருந்தன. கோடரி, வெடிகுண்டு, நஞ்சு, மருந்தேற்றும் ஊசி ஆகியன அவற்றுட் சில. குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்த நகரிலே வாழ்ந்தவர்கள் விளையாட்டுப் பட்டியலிலும் வெடிகுண்டு ஒன்றைச் சேர்த்தது வியப்பன்று. அச்சுக்குப் போகுமுன் அது நீங்கியது. மாந்தர் அறுவராயினர். ஆயுதங்களும் ஆறாயின: குத்துவாள், மெழுகுதிரித் தண்டு, கைத்துப்பாக்கி, கயிறு, ஈயக்குழாய், ஸ்பானர். அறைகள் ஒன்பது.

இவ்விளையாட்டை அறியாத நேயர்களுக்கு அதன் இயக்கத்தைச் சிறிது விளக்குதல் நன்று. மாந்தருக்கும் ஆயுதங்களுக்கும் அறைகளுக்குமாக இருபத்தொரு சீட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வகையிலும் ஒரு சீட்டை எவரும் பாராமல் எடுத்து ஓர் உறையில் இடுவர். கொலை செய்தவர், கொலைக் கருவி, கொலை நடந்த இடம் என்னும் மூன்றும் அவ்வுறையுள் அடங்கிவிடும். எஞ்சிய பதினெட்டும் ஆடுவோர் கையில் பகிரப்படும். தாயக்கட்டையை உருட்டி அறைக்கு அறை சென்று, "இன்னார், இன்ன கருவியால், இவ்விடத்தில்" என்று ஒருவர் ஐயம் தெரிவிப்பார். அம்மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அதனை அவருக்கு மாத்திரம் மறைவாய்க் காட்டுவார். காட்டப்பட்டது உறையில் இல்லை என்பது உறுதி. இவ்வாறு இல்லாதவற்றைக் கழித்துக் கழித்து உள்ளதை அடைதல் வேண்டும். ஆறும் ஆறும் ஒன்பதும் பெருக்கினால் 324. அத்தனை வகையிலே அக்கொலை நிகழ்ந்திருக்கலாம்; விடை ஒன்றே. தர்க்க நூலார் எஞ்சியதைக் கொள்ளுதல் என்று வகுத்த முறையைப் பள்ளிச் சிறுவரும் சிரித்துக்கொண்டே பயிலும்படி செய்த பெருமை இப்பலகைக்கு உரியது.

பிராற் தம்பதியருக்கு ஜெப்ரி புல் என்ற நண்பர் இருந்தார். கடற்கொள்ளையரைப் பற்றிய பலகை விளையாட்டொன்றை அவர் ஆக்க, லீட்ஸ் நகரின் வாடிங்ரன் நிறுவனத்தார் அதனை 1938 இல் வெளியிட்டிருந்தனர். புல் தம்பதியரே பிராற் தம்பதியரை அந்நிறுவனத்தாரிடம் அறிமுகஞ் செய்தவர்கள். அச்சுத் தொழிலிற் பெயர்பெற்ற அந்நிறுவனம், போர்க்காலத்தில் பகைநாட்டிற் சிக்கிய விமானிகள் தப்பி வருவதற்காகப் பட்டுத்துணியிலே தேசப்படங்களையும் இரகசியமாய் அச்சிட்டது. அங்கே தலைமை வகித்த நோர்மன் வாற்சன், பிராற்றின் விளையாட்டை ஆடிப்பார்த்து ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஏற்றுக்கொண்டதும் வெளிவந்ததும் ஒன்றல்ல. போர் முடிந்தபின்பும் காகிதமும் மட்டையும் கிடைத்தல் அரிதாயிற்று. 1947 இல் காப்புரிமை கைகூடியது. பெட்டி கடைக்கு வந்தது 1949 இலேதான். இருட்டடிப்புக்கு மருந்தாகப் பிறந்த பொருள், வெளிச்சம் வந்து நான்காண்டு கழிந்த பின்னரே மக்களை அடைந்தது.

அதற்கு இட்ட பெயர் "குளூடோ". துப்பு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லையும், "நான் விளையாடுகிறேன்" என்னும் பொருள்தரும் லூடோ என்ற இலத்தீன் சொல்லையும் கூட்டி ஆக்கிய பெயர் அது. லூடோ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பலகை விளையாட்டு ஆங்கிலேயர் வீடுதோறும் இருந்தமையால் அவர்களுக்கு அச்சிலேடை உடனே விளங்கியது. அந்த லூடோவோ இந்தியாவின் பச்சீசி ஆட்டம் ஆங்கில உடை அணிந்துகொண்ட வடிவமே. நம் திண்ணைகளின் தாய விளையாட்டுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கரிடத்தே லூடோ என்ற பெயர் வழங்கவில்லை. அதனால் அங்கே "குளூ" என்று மாத்திரமே பெயரிட்டனர். கொலையுண்டவரின் பெயரும் கடல் கடந்தபோது மாறியது. இங்கிலாந்தில் போதகராயிருந்த கிறீன் என்பவரும் அமெரிக்காவிற் போதகர் அங்கியைக் களைந்து வெறும் திருவாளரானார்.

இவ்விளையாட்டின் உள்ளே ஒரு முரண் கிடக்கின்றது. அதனை ஆக்கியவர்கள் கூடிச் சிந்தித்த கணவனும் மனைவியும். ஆனால் அதனை ஆடும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மறைக்கவேண்டும்! மனைவி குறிப்பெடுக்கும் தாளைக் கணவன் எட்டிப் பார்த்தல் குற்றம். கையிலுள்ள சீட்டை முகத்திற் காட்டாதிருத்தல் திறமை. அன்றியும், இருவர் மாத்திரம் ஆடினால் இவ்விளையாட்டுச் சுவை குன்றும். தன் கையில் இல்லாத சீட்டு ஒன்று துணைவரின் கையில் இருத்தல் வேண்டும், அல்லது உறையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது இடம் இல்லை. காட்டமுடியாமற் கைவிரித்த கணமே விடை வெளியாகிவிடும். ஆகவே அயல்வீட்டுத் தம்பதியரை அழைத்து நால்வராய் ஆடுதலே பொருத்தம். பிராற் வீட்டாரும் புல் வீட்டாரும் நண்பர்களாய் இருந்தமையை நினைத்தால், இவ்விளையாட்டு எத்தகைய மாலைப்பொழுதை எண்ணி அமைந்தது என்பது புலனாகும்.

இருவர் ஒரே பக்கத்தில் அமர்ந்து துப்பறிதற்குரிய பொருளும் அந்நாளில் இல்லாமற் போகவில்லை. 1936 இலே டெனிஸ் வீற்லி என்ற நாவலாசிரியரும் லிங்ஸ் என்ற உரோம ஆடை வணிகரும் சேர்ந்து புத்தகமென்றும் சொல்லமுடியாத, விளையாட்டென்றும் சொல்லமுடியாத ஒன்றை வெளியிட்டனர். பொலிசாரின் கோப்பு ஒன்றை அப்படியே வாசகர் கையிற் கொடுத்ததுபோன்ற அமைப்பு அது. தந்திகள், கையெழுத்துக் கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுடன், சிறு கடதாசி உறைகளிலே ஒரு தீக்குச்சியும், சில தலைமயிர்களும், கறைபடிந்த திரைத்துணித் துண்டும் வைக்கப்பட்டிருந்தன. விடை கடைசிப் பக்கங்களில் மூடி ஒட்டப்பட்டிருந்தது. ஒருவர் கடிதத்தை உரக்க வாசிக்க மற்றவர் புகைப்படத்தை விளக்கடியிற் பிடித்து நோக்குவதற்கு இதனிலும் ஏற்றது வேறில்லை. நான்கு கோப்புகள் வெளிவந்தன. நான்காவது 1939 இலே. தீக்குச்சியையும் துணித்துண்டையும் ஒவ்வொரு பிரதியிலும் கையால் இணைக்கவேண்டிய அப்பணி போர்க்காலத்திலே தொடரவில்லை. எந்த இருட்டடிப்பு குளூடோவைப் பெற்றதோ, அதே போர் இதனை முடித்துவைத்தது.

பிராற் குடும்பத்தாருக்கு என்ன கிடைத்தது? 1953 ஆம் ஆண்டிலே வெளிநாட்டு உரிமைகளை 5,000 பவுணுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்தனர். அக்காலத்தில் அது ஒரு குடும்பத்துக்குச் சிறுதொகையன்று. ஆனால் அதன்பின் கோடிக்கணக்கிலே பெட்டிகள் விற்பனையாயின. 1960 களிலே காப்புரிமையின் காலமும் முடிந்துவிட, உள்நாட்டு வருவாயும் நின்றது. 1990 களின் நடுப்பகுதியில், இவ்விளையாட்டை ஆக்கியவர் எங்கேயிருக்கிறார் என்று வினவி வெளியீட்டார் பொதுமக்களிடம் உதவி கோரினர். மறைந்தவரைத் தேடித் துப்புக் கேட்கும் விளம்பரம்! விடை ஒரு மயானத்திலிருந்து வந்தது. பிராற் 1994 ஏப்பிரலிலேயே பேர்மிங்காமுக்கு அண்மையிலுள்ள புறோம்ஸ்குரோவில் இறந்துபோயிருந்தார். அவர் கல்லறையிலே, அவர் குளூடோவைக் கண்டுபிடித்தவர் என்று பொறிக்கப்பட்டிருக்கின்றது.

கூடித் துப்பறியும் வழி நெடுநாள் உறங்கிக் கிடந்தது. 1981 இலே அமெரிக்காவில் வெளியான ஷேர்லொக் ஹோம்ஸ் விளையாட்டொன்று அதனை எழுப்பியது. அதிலே தாயக்கட்டை இல்லை. இலண்டன் நகர வரைபடம், முகவரி நூல், அன்றைய செய்தித்தாள் ஆகியவற்றை மேசையில் விரித்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று எல்லோரும் கூடி ஆராய வேண்டும். பகைவர் மேசைக்கு அப்பால் இல்லை, கதைக்குள்ளே இருக்கிறார். ஜேர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு வழங்கும் பரிசு 1985 இல் இதற்குக் கிடைத்தது. பின்னர் 2007 இலே யப்பானின் கியோத்தோ நகரில் தக்காவோ கட்டோ என்பவர், ஆட்களை அறையிலே அடைத்துப் புதிர்களை விடுவித்து வெளியேறச் செய்யும் கேளிக்கையைத் தொடங்கினார். அது விரைவிலே நாடுகள் பலவற்றிற் பரவியது. மாளிகை மீண்டும் வந்துவிட்டது. அதனை மீண்டும் மேசைக்குச் சுருக்க ஒருவர் வேண்டியிருந்தது.

அதனைச் செய்தவர்களும் ஒரு கணவனும் மனைவியுமே. ஜேர்மனியைச் சேர்ந்த இங்கா பிராண்டும் மார்க்குஸ் பிராண்டும் ஆக்கிய "எக்ஸிற்" என்னும் வரிசை 2016 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே தேர்ந்த ஆட்டக்காரருக்குரிய ஜேர்மானியப் பரிசை அதன் முதல் மூன்று பெட்டிகளும் பெற்றன. இம்முறை பெட்டியின் மேல் இருவர் பெயரும் இருந்தன. இதிலே மறைப்பதற்குச் சீட்டு இல்லை. ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாவிடின் பூட்டுத் திறவாது. எண்ணிலே வல்லவர் ஒருவராகவும் உருவத்தை நோக்குவதில் வல்லவர் ஒருவராகவும் இருந்தால், இருவரே போதும்.

2020 ஆம் ஆண்டிலே பெருந்தொற்று வந்து உலகம் மீண்டும் கதவைச் சாத்திக்கொண்டபோது, உணவகமும் திரையரங்கும் மூடிக் கிடந்த நகரங்களிலே காதலரும் தம்பதியரும் தம் மாலைப்பொழுதுக்கு இத்தகைய பெட்டிகளையும் நாடினர். பேர்மிங்காமின் கறுப்புத் துணிச் சன்னல் போன்றதொரு நிலைமையே அது. வேறுபாடு ஒன்று உண்டு. பிராற்றின் பலகையை மடித்து அலுமாரியில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். பிராண்டின் பெட்டியையோ ஒருமுறைதான் ஆடலாம். புதிரை விடுவிப்பதற்கு அதிலுள்ள தாள்களை வெட்டவும் மடிக்கவும் கிழிக்கவும் வேண்டும். விடை கண்ட இரவிலே மேசையைத் துடைக்கும்போது, கத்தரித்த துண்டுகளும் எழுதிக் கிறுக்கிய தாள்களும் குப்பைக் கூடைக்குப் போகின்றன.