சிவப்புப் பெட்டி எங்கே போச்சு?

இன்னைக்கு மருந்து மாத்திரை எதுவும் இல்லை. ஒரு சாஃப்ட்வேரோட வரலாறு. கொஞ்சம் நீளமான த்ரெட், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

போன வருஷம் ஒரு ரிவ்யூ மீட்டிங். பிரசவத்தில் மயிரிழையில் தப்பிய தாய்மார்கள் பற்றிய ஆய்வு. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வந்த ஸ்லைடுகளை ஒரே ஃபைலாகச் சேர்ப்பது என் வேலை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கலர், ஒவ்வொரு ஃபாண்ட். ஒருத்தர் பின்னணியில் ரோஜாப்பூ வேற. நான் ஒரு மேக்ரோ எழுதி வச்சிருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் அறுபது ஸ்லைடும் ஒரே மாதிரி ஆகிவிடும். பெருமையாகத்தான் இருந்தது.

மீட்டிங் நடுவில் ஒரு மேடம் எழுந்து, "சார், இந்த ஸ்லைடுல நான் ஒரு சிவப்புப் பெட்டி போட்டிருந்தேனே, எங்க?" என்று கேட்டார்.

இல்லை. ஸ்லைடு அழகாக இருக்கிறது, பெட்டி மட்டும் இல்லை.

அது எங்கே போனது என்று புரிய கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

ஒரு காலத்தில் ஸ்லைடு என்பது நாமே செய்வது கிடையாது. பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே ஓவியர்கள், போட்டோ எடுப்பவர்கள் இருந்தார்கள். பேசப்போகிறவர் பேப்பரில் எழுதிக் கொடுப்பார். 35 மிமீ ஸ்லைடாகவோ, ஓஹெச்பி ஷீட்டாகவோ செய்து வரும். ஒரு எண் தப்பா? மறுபடி முதலிலிருந்து. எந்த வரி எங்கே வரணும், எது பெருசா இருக்கணும் என்பதை இன்னொரு மனிதர் கண்ணால் பார்த்து முடிவு செய்தார். மெதுவான வேலைதான், ஆனால் நடுவில் ஒரு ஆள் இருந்தார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1984-இல் கலிபோர்னியாவில் ஃபோர்தாட் என்ற சின்ன கம்பெனியில் ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவர் சேர்கிறார். அவர் யோசனை எளிமையானது: பேசுகிறவரே தன் ஸ்லைடைச் செய்துகொள்ளட்டும். டெனிஸ் ஆஸ்டின் புரோகிராம் எழுதினார். முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் சிக்கல் வந்ததால் 'பவர்பாயிண்ட்' ஆனது. 1987 ஏப்ரலில் ஆப்பிள் மேக்கின்டாஷுக்கு முதல் பதிப்பு. கறுப்பு வெள்ளை மட்டும்தான், ஓஹெச்பி ஷீட்டுக்காக. சில மாதத்திலேயே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் 'ஸ்லைடு மாஸ்டர்'. நம்ம ஓபி சீட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. பெயர் இங்கே, வயசு இங்கே, மருந்து கீழே என்று கட்டம் முதலிலேயே அச்சடிச்சிருக்கும். நாம் நிரப்புகிறோம். மாஸ்டரில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா ஸ்லைடிலும் மாறும். நிரப்புவதற்காக விட்டு வைத்த அந்தக் கட்டத்துக்குப் பெயர் 'பிளேஸ்ஹோல்டர்'. இந்தப் பெயர் பின்னாடி தேவைப்படும்.

கட்டத்துக்குள்ளேயும் ஒரு சாதி வரிசை உண்டு. மாஸ்டரின் எழுத்துப் பெட்டியில் ஐந்து நிலை. ரொம்ப நாள் இருந்த வழக்கமான அளவு முதல் வரிக்கு 32 பாயிண்ட், அதன் உள்வரிக்கு 28, அப்புறம் 24, அப்புறம் 20. டேப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் உங்கள் வரி ஒரு படி கீழே இறங்கி, சிறுத்துவிடும். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

90-களின் நடுவில் இன்னும் ஒரு படி போனார்கள். 'ஆட்டோகன்டென்ட் விசார்ட்'. என்ன மாதிரி பேச்சு என்று சொன்னால் போதும், தலைப்பு, உள்வரி எல்லாம் அதுவே போட்டுத் தரும். கெட்ட செய்தி சொல்வதற்குக்கூட ஒரு ரெடிமேட் ஸ்லைடு செட் இருந்தது! நோயாளியின் குடும்பத்திடம் கெட்ட செய்தி சொல்ல நாங்கள் வருஷக்கணக்கில் கத்துக்கிறோம், அவங்க நாலு கிளிக்கில் முடிச்சுட்டாங்க. 2007 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். நல்லது.

இப்போ மேக்ரோ. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல், கட்டளைகளாக எழுதி வைத்து ஓட்டுவது. எக்ஸெல்லுக்கு 1993-இலேயே விபிஏ என்ற மொழி கிடைத்தது. பவர்பாயிண்ட்டுக்கு 97 பதிப்பில்தான் வந்தது. அதில் லேஅவுட் என்பது வெறும் எண். 1 என்றால் தலைப்பு ஸ்லைடு, 2 என்றால் தலைப்பும் எழுத்தும், 12 என்றால் வெற்று ஸ்லைடு. அறுபது ஸ்லைடுக்கும் "நீ 2" என்று சொல்லச் சின்னதாக மூணு வரி போதும். ஸ்லைடில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம் என்று நாலு எண். எல்லாம் பாயிண்ட் கணக்கு, ஒரு அங்குலத்துக்கு 72. இந்த நாலு எண்ணை மாற்றினால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம்.

இந்தச் சக்தியை வேறு ஆட்களும் கவனித்தார்கள். 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா' வைரஸ் ஒரு வேர்ட் மேக்ரோதான். ஃபைலைத் திறந்தால் உங்கள் அவுட்லுக்கில் இருக்கும் முதல் 50 பேருக்குத் தானே மெயில் அனுப்பும். எழுதியவருக்கு 20 மாதம் சிறை. பிறகு 2007 பதிப்பில் மேக்ரோ உள்ள ஃபைலுக்கும் இல்லாத ஃபைலுக்கும் தனித்தனி வால் எழுத்து வந்தது: கடைசி எழுத்து 'எம்' என்றால் உள்ளே மேக்ரோ இருக்கலாம். 2022-இல் இணையத்திலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை இயல்பாகவே தடுக்க ஆரம்பித்தார்கள். தெரியாதவர் அனுப்பிய ஃபைலில் "எனேபிள்" கொடுக்காதீங்க மக்களே. இது டாக்டர் அட்வைஸ்தான்.

சரி, இப்போ கனமான இடம்.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பிச் சுமார் 82 விநாடியில், வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு நாசாவுக்குப் பவர்பாயிண்ட்டில் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவைப் பார்த்தால் கணக்கு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற தொனியில் இருந்தது. கீழே உள்வரி, அதற்குள் உள்வரி என்று இறங்கி, கடைசி வரியில் சின்ன எழுத்தில் உண்மை: இந்த நுரைத் துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனை செய்து பார்த்தது வெறும் 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! அதாவது அந்தச் சோதனை இதற்குப் பொருந்தவே பொருந்தாது. தலைப்பில் வரவேண்டிய வரி அது.

பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர்.

எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்து எழுதினார். விசாரணைக் குழு அதைத் தன் அறிக்கையில் சேர்த்து, ஒரு மேலதிகாரி இதைப் படித்துவிட்டு உயிர் ஆபத்து என்று உணராமல் போயிருக்க வாய்ப்புண்டு என்ற பொருளில் எழுதியது. எல்லாப் பழியையும் பவர்பாயிண்ட் மேல் போடுவது நியாயம் இல்லை என்பது என் கருத்து. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டும் அது நடக்கவில்லை, அதற்கு எந்த சாஃப்ட்வேர் பொறுப்பு? ஆனால் அந்தக் கடைசி வரி, கடைசி வரியாக இருந்தது உண்மை.

இப்போ நம்ம சிவப்புப் பெட்டிக்கு வருவோம்.

அந்த மேடம் தன் ஸ்லைடில் ஒரு டேபிள் போட்டு, அதற்கு மேலே தனியாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து சிவப்பு அடித்திருந்தார். அது மாஸ்டர் கொடுத்த கட்டம் இல்லை, பிளேஸ்ஹோல்டர் இல்லை. என் மேக்ரோவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் எழுதியது இவ்வளவுதான்: தலைப்பைத் தவிர எது இருந்தாலும் மேலிருந்து 120 பாயிண்டில் கொண்டுபோய் வை. டேபிளும் 120. பெட்டியும் 120. பெட்டி டேபிளுக்குப் பின்னாடி ஒளிந்துகொண்டது.

லேப்டாப்பில் டேபிளை இழுத்து நகர்த்தினேன். பெட்டி தெரிந்தது. உள்ளே ஒரே வரி: "இரவு 2 மணிக்கு பிபி 160/110. யாருக்கும் தகவல் சொல்லப்படவில்லை. காலை 7 மணிக்கு வலிப்பு."

மீட்டிங் ஹால் அமைதியாகிவிட்டது. அதுவரை அந்த கேஸில் பேச ஒன்றும் இல்லை என்று அடுத்த ஸ்லைடுக்குப் போக இருந்தோம். அதன் பிறகு முக்கால் மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம். ராத்திரி டியூட்டியில் யார் யாருக்கு போன் பண்ணணும் என்பது அன்றைக்கே எழுதப்பட்டது. அந்தத் தாயும் குழந்தையும் நலம்.

மேடமிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், நான் கேட்காம இருந்திருந்தா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி மேக்ரோவைத் திருத்தினேன். விபிஏவில் பிளேஸ்ஹோல்டருக்கு வகை எண் 14. இப்போது 14-ஆக இருப்பதை மட்டும் லேஅவுட்டுக்குள் கொண்டுவரும். வேறு எதையும் தொடாது. அதற்குப் பதில் எந்த ஸ்லைடில் எது வெளியே நிற்கிறது என்று ஒரு பட்டியல் போடும். அதை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கணும். போன மாதப் பட்டியலில் 23 இருந்தது. பெரும்பாலும் ரோஜாப்பூதான்.