பேஸ் கிட்டார் உடல் மாற்றமும் மறுபூச்சும்

மின் பேஸ் கிட்டாரின் மர உடலைச் செதுக்கி வடிவம் மாற்றுவதும், பழைய பூச்சை நீக்கிப் புதுப் பூச்சு ஏற்றுவதும் வீட்டிலேயே செய்யக்கூடிய கைவினை வேலைகள். இரண்டும் ஒரே மேசையில் நடந்தாலும் இயல்பில் வேறானவை. பூச்சு பிடிக்கவில்லை என்றால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்; இழைத்துத் தள்ளிய மரம் திரும்பி வராது. ஆகவே பூச்சில் தாராளமும் செதுக்கலில் சிக்கனமும் இந்தக் கலையின் முதல் விதி. கோவையிலும் கொங்கு நாட்டிலும் இதற்கு வேண்டிய கைத்திறன் இசைக்கடைகளைவிடத் தச்சுப் பட்டறைகளிலும், கரூரில் பஸ் பாடி கட்டும் கூடங்களிலும், நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும்தான் செழித்திருக்கிறது.

கருவியின் அமைப்பு

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு கம்பிகள். தடித்த கம்பி 41.2 ஹெர்ட்ஸில் அதிரும். மற்றவை 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். கம்பியின் அதிரும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. உடல் ஏறக்குறைய 45 மி.மீ. பருமனுள்ள கெட்டி மரம். கருவியின் மொத்த எடை 4 கிலோவை ஒட்டி வரும். கம்பியின் அசைவைக் காந்தப் பிக்கப் மின்னோட்டமாக மாற்றுவதால், வீணையின் குடத்தைப் போல இந்த உடல் ஒலியைப் பெருக்கித் தர வேண்டியதில்லை. உடலைச் செதுக்குவதால் மாறுவது எடையும் சமநிலையும், குரல் அல்ல. வீட்டில் ஒருவர் துணிந்து அரம் எடுக்க முடிவது இதனால்தான்.

உடல் வடிவத்தின் வரலாறு

கெட்டி மர உடலும் விரற்பலகையில் குறுக்கே பதித்த மெட்டுகளும் கொண்ட முதல் மின் பேஸை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930களின் நடுவில் உருவாக்கினார். ஆடியோவாக்ஸ் 736 என்ற அந்தக் கருவி பரவலாகவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸே உலகெங்கும் சென்றது. விரற்பலகையில் மெட்டுகள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதே பெயரின் பொருள்.

1951இன் உடல் ஒரு தட்டைப் பலகை. விளிம்புகள் செங்குத்தாக நின்றதால் வாசிப்பவரின் விலாவிலும் முன்கையிலும் அழுத்தின. மேடைக் கலைஞர்களின் முறையீடு ஃபெண்டர் பட்டறைக்குப் போனது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் உடல் வயிற்றுப் பக்கம் குழிந்தும் முன்கைப் பக்கம் சரிந்தும் இருந்தது. அதே ஆண்டில் பிரிசிஷன் பேஸும் அந்தச் சரிவுகளைப் பெற்றது. இன்று வீட்டில் நடக்கும் உடல் மாற்றங்களில் பல, 1951இன் பலகையை 1954இன் உடலாக்கும் அதே வேலைதான்.

வடிவங்களைப் பின்வருமாறு பகுக்கலாம்.

பலகை வடிவம்: 1951இன் பிரிசிஷன் பேஸ்.

சரிவு வடிவம்: 1954க்குப் பிந்தைய பிரிசிஷன் பேஸ்.

கோண வடிவம்: 1960இன் ஜாஸ் பேஸ். இடுப்பு வளைவுகள் நேர் எதிரே அமையாமல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகியிருக்கும்.

அலைமுகடு வடிவம்: 1957இன் ரிக்கன்பேக்கர் 4000. கழுத்தே உடலின் நடுவில் ஊடுருவிச் செல்வதால் அதைக் கழற்ற முடியாது.

கார் வடிவம்: 1963இன் கிப்சன் தண்டர்பேர்ட். இதை வரைந்த ரே டீட்ரிக் கார் உடல்களை வடிவமைத்தவர்.

வளைதகட்டு வடிவம்: 1977இன் ஸ்பெக்டர் என்.எஸ். நெட் ஸ்டைன்பெர்கர் வரைந்தது. உடல் முழுவதுமே வாசிப்பவரின் வயிற்றை அணைத்தாற்போல் வளைந்திருக்கும்.

வயலின் வடிவம்: 1956இன் ஹாஃப்னர் 500/1. உள்ளீடற்ற உடல் என்பதால் செதுக்கலுக்கு இடமில்லை. பூச்சு மட்டும் மாற்றலாம்.

பெயர் பெற்ற மாற்றங்கள்

பேஸ் கலைஞர் பால் மெக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கர் 4001எஸ் 1967இல் பல வண்ணக் கோலம் பூண்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வண்ணம் முழுவதும் தேய்த்தெடுக்கப்பட்டு, மேப்பிள் மரம் வெளியே தெரிந்தது. மேலும் இழைத்ததில், உடலிலிருந்து கழுத்தின் இருபுறமும் நீளும் கொம்புகளின் கூர் மழுங்கியது. பூச்சு இருமுறை மாறியதற்கும் மரம் ஒருமுறை குறைந்ததற்கும் அந்த ஒரே கருவி சான்று.

மற்றொரு பேஸ் கலைஞரான ஜாக்கோ பஸ்டோரியஸ் தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் மெட்டுகளை நீக்கி, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரற்பலகையில் பூசிக்கொண்டார். அந்த வழவழப்பில் பிறந்த பாடும் குரல் 1976இல் அவருடைய முதல் இசைத்தொகுப்பில் உலகுக்குக் கேட்டது. இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளி வெளிவந்ததும் அதே 1976இல்தான். அதன் பின்னர் தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணைநிற்பதோடு நில்லாமல், பாட்டுக்குள் இன்னொரு இசைவரியாக நடக்கத் தொடங்கியது. 

பூச்சு வகைகள்

நைட்ரோசெல்லுலோஸ் (நைட்ரோ): 1920களில் டூபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகக் கொண்டுவந்த டூக்கோ இவ்வகை. கார் பூச்சு உலர வாரக்கணக்கில் காத்திருந்த நிலையை அது மாற்றியது. ஃபெண்டரின் புகழ்பெற்ற வண்ணங்கள் டூபாண்டின் கார் வண்ண அட்டையிலிருந்தே வந்தன. நம் தச்சர்கள் ஸ்பிரே கன்னில் அடிக்கும் எந்த மறைப்புப் பூச்சையும் இன்றும் ‘டூக்கோ’ என்றே சொல்கிறார்கள். ஆக, பேஸ் கிட்டாருக்கும் கரூர் பஸ்ஸுக்கும் பூச்சு வழியில் ஒரே மூதாதை. இது மெல்லிய பூச்சு, தின்னரில் கரையும், பழுது பார்ப்பது எளிது.

பாலியெஸ்டர்: 1960களின் இறுதியில் இருந்து ஆலைகள் இதற்கு மாறின. கண்ணாடி போல் தடித்தது, தின்னருக்கு அசையாது. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, மழுங்கிய தகட்டால் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இரு கூற்றுப் பாலியூரித்தேன்: பட்டறைகளில் ‘பி.யு.’ எனப்படுவது. வியர்வையும் உராய்வும் தாங்கும். மேடைக் கருவிக்கு இதுவே ஏற்றது.

அவலரக்கு (ஷெல்லாக்): மரச்சாமான்களுக்கு மெருகேற்றப் பழங்காலம் முதல் பயன்படுவது. வியர்வைக்குத் தாளாது. ஆனால் மெழுகு நீக்கிய அவலரக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத இரு பூச்சுகளுக்கு நடுவே நல்ல இடைப்பூச்சாகும்.

எண்ணெய்: ஆளிவிதை எண்ணெயும் அதன் கலவைகளும். துணியால் தேய்த்தாலே போதும். ஸ்பிரே கன் இல்லாத வீட்டுக்கு உகந்தது.

கொங்கு நாட்டு மரங்கள்

ஆனைமலைத் தேக்கு இப்பகுதியின் பெருமை. வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தேக்குக் காட்டை மீட்டெடுத்த ஹியூகோ வுட் 1933இல் மறைந்தார். அவர் கல்லறை அக்காட்டிலேயே இருக்கிறது. தேக்கில் இயற்கை எண்ணெய் மிகுதி. பூச்சுக்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பூச்சு பற்றாது.

ஈட்டி எனப்படும் தோதகத்தி விரற்பலகைக்குச் சிறந்தது, உடலுக்குக் கனம். இந்த மரப்பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. பழைய கட்டில் கால்களிலும் கதவுகளிலும் இருக்கும் ஈட்டியை மறுபயன் கொள்வதே முறை.

வீணை செய்யும் பலா மரம் உடலுக்கும் பொருந்தும். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் பிளைவுட்டுக்காகப் பயிரிடும் மலைவேம்பு எடை குறைந்தது. ஒட்டுப்போட்டுக் கொம்பை நீட்டவோ குழியை அடைக்கவோ உதவும். மரங்களைக் கண்ணால் கண்டு அறிய, கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தின் மர மாதிரிகள் நல்ல பாடநூல்.

செய்முறை

கம்பிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். வயர்கள் பற்ற வைத்த இடங்களைப் படமெடுத்துக்கொண்டு பிக்கப், பிரிட்ஜ், கழுத்து ஆகியவற்றை எடுக்கலாம். பூச்சை நீக்கியபின் புதிய வடிவத்தைப் பென்சிலால் வரைந்து, உடலின் உட்குழிகள் எங்கே முடிகின்றன என்பதையும் அதன்மேல் குறிக்க வேண்டும். குழிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே குறைந்தது 6 மி.மீ. மரம் நிற்கட்டும். அரத்தால் சரிவை இறக்கும்போது அவ்வப்போது உடலை மடியில் வைத்துப் பார்ப்பது நலம்; அளவுகோலுக்குத் தெரியாததை விலா எலும்பு சொல்லும்.

கொம்பில் கைவைக்கும் முன் யோசிக்க வேண்டும். மேல்கொம்பில் தோள்வார் மாட்டும் குமிழ் 12ஆம் மெட்டின் நேருக்கு அருகே இருந்தால் கருவி தோளில் சமமாக நிற்கும். கொம்பைக் குட்டையாக்கினால் கழுத்து தரையை நோக்கித் தாழ்ந்து, இடக்கை அதைத் தாங்கியே களைத்துவிடும். அழகுக்காக வெட்டிய கொம்பு ஆயுள் முழுவதும் வலிக்கும். கழுத்து அமரும் குழியை உப்புத்தாள் தொடவே கூடாது.

பின்னர் 80, 120, 180, 220, 320 என்ற வரிசையில், மர வரி ஓடும் திசையில் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் எழும்; உலர்ந்ததும் மீண்டும் தேய்த்தால் எழாது. தேக்கு, மகோகனி, ஆஷ் போன்ற துளை மரங்களுக்குப் பட்டி பார்த்து, சீலர் அடித்து, மெல்லிய பல பூச்சுகளாக வண்ணமும் மேல்பூச்சும் ஏற்ற வேண்டும். பழைய சிலிக்கோன் பாலிஷ் மிச்சமிருந்தால் பூச்சு வட்ட வட்டமாக விலகி நிற்கும். நைட்ரோ பூச்சு ஒரு மாதம் இறுகட்டும்; அதன்பின் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர், இறுதியில் மெருகு. பிரிட்ஜின் அடியில் எர்த் வயர் தொடும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் இரைச்சல் வரும்.

பருவமும் பாதுகாப்பும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று கோவை முழுவதும் புழுதியை இறைக்கும். ஈரப் பூச்சில் அது அப்படியே ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் நைட்ரோ பூச்சை வெளுக்கச் செய்யும். தை முதல் பங்குனி வரையே ஏற்ற காலம்.

பி.யு. கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதைப் பட்டறையில் கொடுத்து அடிப்பதே அறிவுடைமை. தேக்கு, ஈட்டித் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் தரும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றும். விரித்துக் காயவிட வேண்டும்.

இன்றைய நிலை

கணினி வழி மரம் குடையும் இயந்திரங்கள் இன்று கோவைப் பட்டறைகளிலும் உள்ளன. உடல்களும் பாகங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பழங்காலக் கருவிகளின் அசல் பூச்சை நீக்கினால் சந்தை மதிப்பு பெருமளவு குறையும் என்பதால், மாற்றங்கள் பெரும்பாலும் மலிவான புதிய கருவிகளிலேயே செய்யப்படுகின்றன.