பலெர்மோவிலிருந்து எத்தனை தூரம்?



பலெர்மோவுக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 7,500 கிலோமீட்டர். விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பத்து மணி. வழியில் மாறி ஏறக் காத்திருக்கும் நேரம் வேறு. இது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் உலகத்தின் தூரங்களைக் கேட்டு எழுதும் பெரிய வேலையொன்று இதே பட்டணத்தில் 1154ஆம் ஆண்டிலேயே முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா?

சிசிலியின் அரசன் இரண்டாம் ரோஜர் 1130இல் பலெர்மோவில் முடிசூடினான். அவன் கிறிஸ்தவன். அவன் அழைத்து வேலை கொடுத்த அறிஞர் அல் இத்ரீசி இஸ்லாமியர். மாலுமிகள், வணிகர், யாத்திரிகர் ஆகியோரிடம் வழிகளையும் தூரங்களையும் கேட்டார்கள். பலருடைய சொல்லும் ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு, ஒத்துப்போகாததைத் தள்ளினார்கள். இந்த வேலைக்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் சென்றன. கடைசியில் வெள்ளித் தட்டில் ஓர் உலகப்படமும், 70 பகுதிப் படங்கள் கொண்ட ஒரு நூலும் உருவாயின. அந்தப் படங்களில் தெற்குத் திசை மேலே இருக்கும். நம்முடைய இலங்கையும் 'சரந்தீப்' என்ற பெயரில் அதில் உண்டு. வெள்ளித் தட்டு அழிந்துபோயிற்று; நூலின் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன.

அந்நாட்களில் தூரத்தை மைல் கணக்கோடு நாள் கணக்கிலும் சொன்னார்கள்: நிலத்தில் ஒரு நாள் நடை, கடலில் ஒரு நாள் ஓட்டம். அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்திலும் இதே கணக்குத்தான். பவுல் மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, சிசிலியின் சீரகூசாவில் மூன்று நாள் நின்று, ரேகியுவிலிருந்து தென்காற்றடித்ததால் இரண்டாம் நாளே புத்தேயோலி சேர்ந்தார். மாதமா நாளா என்பதைத் தீர்மானித்தது காற்று.

நம் பெற்றோரின் பயணத்தைத் தீர்மானித்தது காற்றல்ல, கடதாசி. 1983 கலவரத்துக்குப் பின் வந்த பலர் வதிவிட அனுமதி இல்லாமல் இங்கே வீட்டுவேலை செய்து வாழ்ந்தார்கள். ஊரில் தாய் இறந்தாலும் அடக்கத்துக்குப் போக முடியாது. போனால் திரும்ப முடியாது. 1990ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், முந்திய ஆண்டு முடிவதற்குள் இத்தாலிக்கு வந்திருந்தவர்களுக்கு அனுமதி பெற வழி திறந்தது. அதன் பிறகும் யாழ்ப்பாணம் கிட்டவில்லை. கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர்தான்; ஆனால் போரினால் ஏ9 வீதி ஆண்டுக்கணக்காய் மூடிக்கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2009இல் போர் முடிந்த பின்பே திறந்தது. 7,500 கிலோமீட்டரைக் கடந்தவருக்கும் அந்த 400 கிலோமீட்டர் கடக்க முடியாததாயிருந்தது.

2015இல் பலெர்மோ நகரம் ஒரு சாசனம் வெளியிட்டது. இடம் பெயர்ந்து வாழ்வது மனித உரிமை, வதிவிட அனுமதி முறையே நீங்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாட்டின் சட்டம் இன்னும் அப்படி மாறவில்லை. ஆனாலும் அதைக் கேட்டது நாம் வாழும் பட்டணம்.

வாலிபரே, இத்ரீசி செய்ததை நீங்களும் செய்யலாம். எந்த வழியாக வந்தீர்கள், எத்தனை நாள் சென்றது, எங்கே மறிக்கப்பட்டீர்கள் என்று அப்பா அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேளுங்கள்.