இரு வதந்திகள், ஒரே அச்சு

2018-இல் வடமாநிலத்தவரைக் கண்டு வட தமிழகக் கிராமங்கள் அஞ்சின. 2023-இல் தமிழகத்தை நினைத்துப் பீகார்க் குடும்பங்கள் அஞ்சின. அஞ்சியவரும் அச்சத்துக்கு இலக்கானவரும் ஐந்தே ஆண்டுகளில் இடம் மாறிக்கொண்டார்கள். ஆலங்காயத்தில் இருப்பவருக்கு இரண்டுமே அயலூர்ச் சங்கதி அல்ல. முதல் வதந்தி, அன்று ஆலங்காயமும் சேர்ந்திருந்த வேலூர் மாவட்டத்தில், குடியாத்தம் அருகே ஓர் உயிரைப் பறித்தது. இரண்டாவது, வடக்கிலிருந்து ஆள் வரும் தொழில் ஊர்களைக் கலக்கியது.

பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய முதல் வதந்தி வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளேயே ஓடியது. செய்தி ஆசிரியர்களின் மேசை வழியாக அது பரவவில்லை. 2018 மே 9 அன்று போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண் அடித்துக் கொல்லப்பட்டார். நிருபர் எழுத எஞ்சியது மரணம் மட்டுமே.

தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக எழுந்த இரண்டாவதோ பட்டப்பகலில், ட்விட்டரிலும் யூடியூபிலும் நடந்தது. இந்தி பேசியதற்காகத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டதாக ‘தைனிக் பாஸ்கர்’ நாளிதழே வெளியிட்டது. பீகார் சட்டமன்றம் அமளியில் ஆழ்ந்தது. முன்னதில் பத்திரிகை இல்லாதது கேடு; பின்னதில் பத்திரிகை இருந்ததே கேடு.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடியில் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு: சுற்றிய காட்சிகள் பல வதந்திக்காகப் புனைந்தவை அல்ல; வேறு சந்தர்ப்பத்தில் எடுத்தவை. 2018-இல் நாடெங்கும் சுற்றிய கடத்தல் காணொளி, கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். 2023-இல் சுற்றியவற்றுள் ஒன்று ஜோத்பூரில் நடந்த கொலை. மற்றொன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். பொய், வெட்டிலும் காட்சியோடு ஒட்டிய வாசகத்திலும் இருந்தது. ஆகவே ‘என்ன நடந்தது’ என்பதற்கு முன் ‘இது எங்கே, எப்போது எடுத்தது’ என்று கேட்பதே இன்றைய நிருபரின் முதல் வேலை.

2023-இல் அந்த வேலை விரைவாகவே நடந்தது. தமிழகத்தின் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு காணொளியில் மறுத்தார். தகவல் சரிபார்ப்பு இணையதளமான ஆல்ட் நியூஸ் காட்சிகளின் ஊரைக் கண்டறிந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அதே ஆண்டு தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகத்தையும் அமைத்தது. ஆனால் வதந்தி அரசைப் பற்றியதாக இருந்தால், அரசின் மறுப்பை மட்டும் நம்ப முடியுமா? ஊரில் முகம் தெரிந்த, காவல் நிலையத்திலும் ஷூ கம்பெனி வாசலிலும் ஒரே உரிமையோடு கேள்வி கேட்கக்கூடிய உள்ளூர் நிருபர் அங்கேதான் வேண்டும். பல இதழ்களில் அவர் இன்னும் பகுதிநேர ஊழியர்தான். அவருக்கு முறையான சம்பளம் கொடுங்கள்.