கடல்மல்லையில் ஒரு நாள்

ஆண்டுதோறும் நவம்பர் 19ஆந் திகதி முதல் 25ஆந் திகதி வரை இந்தியாவில் உலகப் பாரம்பரிய வாரம் கொண்டாடப்படுகின்றது. அதன் முதல் நாளன்று, இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள நினைவுச் சின்னங்களுள் எவரும் கட்டணமின்றிப் புகலாம். அத்தகைய ஒரு நாளிலே மாமல்லபுரத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. ஏனைய நாட்களிலும் இலங்கையரிடம் இந்தியருக்குரிய குறைந்த கட்டணமே பெறுகின்றனராதலால், அன்று நமக்கு மிச்சமான பணம் பெரிதன்று. ஆயினும், சீட்டுக் கேட்போர் இல்லாத வாயிலைக் கடந்து உட்செல்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கின்றது. கோயில் வாயில் அப்படித்தானே இருக்கவேண்டும்!

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் எல்லையாக அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பு மாமல்லபுரம். ஆழ்வார்கள் இதனைக் கடல்மல்லை என்றனர். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இதுவே. திருமங்கையாழ்வார் இவ்வூர்த் துறையிலே செல்வம் ஏற்றி நின்ற கப்பல்களையும் பாடியுள்ளார். ஐரோப்பிய மாலுமிகள் கடலிலிருந்து இதன் கோபுரங்களைக் கண்டு ‘ஏழு பகோடாக்கள்’ எனப் பெயரிட்டனர். வில்லியம் சேம்பர்ஸ் என்பார் 1788இல் இவ்வூரைப் பற்றி எழுதிய கட்டுரையே மேலைநாட்டாரிடையே இதற்குப் புகழ் தேடித்தந்தது. 1984இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் வழிகாட்டி நூல்களிலே உள்ள செய்திகள். நாம் எழுத விரும்புவது வேறு.

கார்த்திகை பிறந்து மூன்று நாளாகியிருந்தது. வாடைக்காற்றும் மப்பும் மந்தாரமுமாக இருந்தபோதிலும் சனக்கூட்டத்துக்குக் குறைவில்லை. பள்ளிச் சிறுவர்கள் வரிசை வரிசையாக வந்தனர். கடற்கரைக் கோயிலின் முன்னர் நின்று படம் எடுப்போர், எடுத்தவுடன் திரும்பிச் செல்வோர், எடுத்தது சரிவரவில்லையென மீண்டும் நிற்போர் என ஒரே ஆரவாரம். நாமும் படம் எடுத்தோம், அதை மறைப்பானேன்! எனினும், கூட்டம் நெருங்காத மூலைகளிலேதான் அன்று நாம் அதிகம் கற்றோம். எவரும் படம் எடுக்காத கற்கள் இரு வகையின: ஒன்று முடிக்கப்படாதவை, மற்றொன்று சிதைக்கப்பட்டவை.

முதலில் முடிக்கப்படாதவற்றைப் பற்றிக் கூறுவோம். ஐந்து ரதங்கள் எனப்படுபவை தேர்களுமல்ல. பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்புமில்லை. தருமராசன், வீமன், அருச்சுனன், திரௌபதி என்ற பெயர்களைப் பிற்காலத்து மக்கள் இட்டு வழங்கினர். அந்நான்கும் வடக்குத் தெற்காகக் கிடந்த ஒரே நீண்ட பாறையிற் செதுக்கப்பட்டவை. பாறை வடக்கே தாழ்ந்து தெற்கே உயர்ந்திருந்தது. அதற்கேற்ப வடகோடியிற் சிறியதும் தென்கோடியிற் பெரியதுமாக அமைத்தனர். வடகோடியில் உள்ள திரௌபதி ரதம் உண்மையிலே கொற்றவை கோயில். அதன் கூரையை நோக்கிய எவருக்கும் நம் ஊரிலே கிடுகு வேய்ந்த கொட்டில் நினைவுக்கு வராமற் போகாது. நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் அந்தக் கூரை ஓலைக்கூரையின் வடிவமே. உள்ளே தேவியின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைகின்றான். வீமன் ரதத்தின் கூரை வண்டிக்கூடு போன்றது. சகாதேவன் ரதம் யானையின் பின்புறம் போல் வளைந்தது. அதனைத் தூங்கானை மாடம் என்பர். அதன் அருகிலேயே ஒரு கல்யானையையும் நிறுத்தி வைத்தான் சிற்பி. அவன் விளையாட்டாகச் செய்தானோ, மாணாக்கருக்குப் பாடமாகச் செய்தானோ, நம்மைச் சிரிக்க வைத்துவிட்டான். மரத்தாலும் ஓலையாலும் செங்கல்லாலும் ஆகி, காலத்தில் அழிந்துபோன கோயில்களெல்லாம் எவ்வடிவில் இருந்தன என்பதற்கு இந்தப் பாறைகளே சான்று.

நாம் பயின்றது கிறிஸ்தவ மிஷன் நிறுவிய கல்லூரி ஒன்றில். கிரேக்கத் தூண்களின் மூன்று வகைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்போம். அந்த அறிவு கெட்டதென்று நாம் சொல்லவரவில்லை. தூணைத் தூணாகப் பார்க்கக் கற்றுத் தந்தது அதுவே. ஆனால், அமர்ந்த சிங்கத்தின் தலையிலிருந்து எழும் பல்லவர் தூணை முதன்முதலாக அண்மையில் நின்று நோக்கியபோது, அதன் உறுப்புகளுள் ஒன்றுக்கேனும் பெயர் சொல்லத் தெரியாமல் நின்றோம். அன்று பெற்ற வெட்கம் வீண்போகவில்லை.

தருமராசன் ரதத்தின் மேல்தளங்களிலே ஒவ்வொரு தெய்வ உருவமும் நகக்கண் வரை முற்றுப்பெற்றிருக்கின்றது. கீழே அடித்தளமோ கரடுமுரடான பாறையாகவே விடப்பட்டுள்ளது. வீமன் ரதத்திலும் அவ்வாறே. கட்டடம் கட்டுவோர் கீழிருந்து மேலே செல்வர். இவர்களோ மேலிருந்து கீழே இறங்கினர். அப்படிச் செய்தால் சாரம் கட்டவேண்டியதில்லை. இன்னும் வெட்டப்படாத பாறையே நிற்பதற்கு இடமாகின்றது. மேலே தவறு நேர்ந்தால் வேறு கல்லை வைத்து மாற்ற வழியில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குடைவரைகளுள் முற்றுப்பெறாதவற்றிலே வேலைமுறை இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. பாறை முகத்தில் நெடுக்கும் குறுக்குமாகப் பள்ளக் கோடுகள் வெட்டிச் சதுரங்களாகப் பிரித்தனர். பின்னர், கோடுகளுக்கிடையே புடைத்து நின்ற சதுரங்களை உளியால் தட்டி உடைத்தனர். அதன்பின் மீண்டும் கோடு, மீண்டும் உடைப்பு. இவ்வாறு அங்குலம் அங்குலமாக உள்ளே சென்றனர். அந்தச் சதுரங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. சிற்பி மதிய உணவுக்குப் போயிருக்கின்றான், இதோ வந்துவிடுவான் என்று தோன்றும்.

இவ்வூரிலே சிற்பி இன்னும் இருக்கின்றான் என்பது வேறு விடயம். 1957இல் இங்கே அரசினர் சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. தெருவெங்கும் பட்டறைகள். ஒரு பட்டறையின் வாயிலில் அமர்ந்திருந்த முதியவரிடம், “ஐயா, உளி எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “நாளா? காலையில தீட்டினது மத்தியானத்துக்கு மழுங்கிடும் தம்பி. திரும்ப உலையில வச்சு அடிக்கணும்” என்றார். பின்னர் அருகிலே கிடந்த இரண்டு கற்களைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். ஒன்று மணிபோல் ஒலித்தது. அது ஆண் கல்லாம். தாளம்போல் ஒலிப்பது பெண் கல். ஓசையற்றது அலிக் கல். அதில் மூர்த்தி செய்வதில்லை. மின்சார இயந்திரங்கள் வந்த பின்னரும் கல்லைத் தட்டிக் கேளாமல் வேலை தொடங்குவதில்லை என்றார் அவர். அரசன் பெயரைக் கல்வெட்டுச் சொல்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் காலையிலே தீட்டி மாலைக்குள் மழுங்கிய உளிகளின் கணக்கை யார் எழுதி வைத்தார்?

அரசன் யார் என்பதிலும் அறிஞர் ஒருமனப்படவில்லை. முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் காலத்தில் ரதங்களும், இராசசிம்மன் காலத்தில் கடற்கரைக் கோயிலும் எழுந்தன என்பது பெரும்பான்மையோர் கொள்கை. 1962இல் கலாநிதி இரா. நாகசாமி அவர்கள், இவை அனைத்தும் இராசசிம்மன் ஒருவனாலேயே ஆக்கப்பட்டவை என்று வாதிட்டார். அதுபோலவே, பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசி அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்ற வழக்கும் 1914இல் கொலுபெவ் என்ற அறிஞர் எழுப்பியது முதல் ஓயவில்லை. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவில் நாகர் மேலெழுகின்றனர். மேலே நீர்த்தொட்டி இருந்ததற்கும் அடையாளம் உண்டு. நமக்குப் பகீரதன் பக்கமே மனம் சாய்ந்தது. ஆயினும் நம்முடன் வந்த நண்பர்கள் இருவர் அருச்சுனனை விட்டுக்கொடுக்கவில்லை. பாறையின் கீழே, எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை.

இனிச் சிதைக்கப்பட்ட கல்லைப் பற்றிக் கூறவேண்டும். குன்றின்மேல் இராமாநுச மண்டபம் என்றொரு குடைவரை உண்டு. பெயரைக் கேட்டு வைணவக் கோயில் எனக் கருதி உள்ளே சென்றோம். சுவர்களிலே சிற்பம் ஒன்றுமில்லை, ஆனால் வெறுஞ்சுவருமன்று. சிற்றுளியின் கொத்துத் தழும்புகள் நெருக்கமாகப் பரந்திருந்தன. சற்றுச் சாய்ந்து நின்று நோக்கியபோது, அத்தழும்புகளினூடே உருவங்களின் புறக்கோடு மெல்லத் தெரிந்தது. இது சிவனுக்கென மூன்று கருவறைகளுடன் எடுக்கப்பட்ட கோயில். பிற்காலத்தார் அறைகளின் இடைச்சுவர்களை அகற்றி, சோமாஸ்கந்தரைக் கொத்தி எறிந்து, முகப்பிலே சங்கும் சக்கரமும் பொறித்துவிட்டனர்.

கோயிலை இடித்தவர் யார் என்று கேட்டால், கடல் கடந்து வந்தவர் பெயரையே நாம் உடனே சொல்வோம். நம் நாட்டிலே போர்த்துக்கேயர் இடித்தவற்றின் பட்டியல் நமக்கு மனப்பாடம், அது பொய்யுமன்று. ஆனால் இந்த மண்டபத்தின் சுவரிலே உளி பிடித்தவன் நம்மவன். நெற்றியில் திருமண் இட்டவன். நம் மொழியே பேசியவன். இதைச் சைவ வாலிபர் கேட்டு வைணவரைப் பழிக்க முந்தவேண்டாம். ஏனெனில் அதே மண்டபத்தின் தரையிலே, உருத்திரனை உள்ளத்தில் இருத்தாதவர்களைப் பலமுறை சபிக்கும் வடமொழி வாசகம் ஒன்று பல்லவர் காலத்து எழுத்திலே வெட்டப்பட்டிருக்கின்றது. சாபம் முந்தியது, உளி பிந்தியது. நாம் நீண்டநேரம் அங்கே பேசாமல் நின்றோம். வெளியே வந்த பின்னர்தான் வாதம் தொடங்கிற்று. இத்தகைய செய்தியை இந்து வாலிபர் சங்க மலரில் எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதாமல் விட்டால் கொத்தியவனுடைய வேலையையே நாமும் செய்தவராவோம் என்பது நமது விடை.

இதில் வியப்பு என்னவெனில், சாபம் பொறித்த அதே அரசமரபு திருமாலுக்கும் கோயில் எடுத்தது. மகிடாசுரமர்த்தினி குகையிலே ஒரு சுவரில் அம்மை போர்புரிய, எதிர்ச்சுவரில் திருமால் அரவணையில் துயில்கின்றார். நடுவே உமையும் கந்தனுமாகச் சிவபெருமான். கடற்கரைக் கோயிலிலும் கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் இரண்டு சிவன் கருவறைகள். அவற்றினிடையே பள்ளிகொண்ட பெருமாள். மூன்றிலும் இன்று பூசை இல்லை. பாறையைக் குடைவதை விட்டு, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டும் முறைக்குப் பல்லவர் மாறிய காலத்தது இக்கோயில். உப்புக்காற்று இதன் சிற்பங்களை மெழுகுபோல் உருக்கிவிட்டது. கடலைத் தடுக்கக் கற்களைக் கொட்டி அணை அமைத்திருக்கின்றனர்.

இக்கடலின் மறுகரை நமது நாடு. மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் அரசுரிமை இழந்து பல்லவ நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, சாளுக்கியருடன் நடந்த போரில் அவனுக்குத் துணைநின்றான் என்று சூளவம்சம் கூறுகின்றது. பல்லவர் கொடுத்த படையுடன் கடல் கடந்து, முதன்முறை தோற்று, மீண்டும் முயன்று, ஏறத்தாழ 684இல் அநுராதபுரத்து அரியணையில் ஏறினான். அக்கப்பல்கள் மாமல்லபுரத் துறையிலிருந்தே புறப்பட்டன என வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். மாத்தளை மாவட்டத்து நாலந்தா கெடிகேயைக் கண்டவர்கள் அதன் கல்வேலையிலே பல்லவர் கையின் சாயலை உணர்வர். அதுவோ பௌத்தர் வழிபட்ட இடம். நீர்த்தேக்கத்தில் அமிழாதிருக்கும் பொருட்டு அக்கட்டடத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து, 1980இல் மீண்டும் மேட்டிலே நிறுவினர்.

பிற்பகலிலே சாளுவன்குப்பம் சென்றோம். 2004 டிசம்பர் 26இல் நம் நாட்டிலே 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே பேரலை இக்கரையிலும் ஏறிற்று. மணலை அரித்துச் சென்றபோது பாறை ஒன்றிலே கல்வெட்டு வெளிப்பட்டது. அது முருகன் கோயில் ஒன்றைக் குறித்தது. 2005இல் தொல்லியல் துறையினர் அருகிலுள்ள மேட்டைத் தோண்டினர். பல்லவர் காலத்துக் கல்வேலையின் கீழே, அதனினும் பழைய செங்கற் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. முன்புறத்திலே கல்லாற் செய்த வேல் ஒன்று. கதிர்காமத்தையும் நல்லூரையும் செல்வச்சந்நிதியையும் அறிந்த நமக்கு, மூர்த்தியின்றி வேல் மாத்திரம் நிற்கும் காட்சி புதிதன்று. கூட வந்த நண்பர் செருப்பைக் கழற்றினார், நாமும் கழற்றினோம்.

மறுநாட் காலை, சென்னைக்குத் திரும்புமுன், ரதங்களிடம் இன்னொரு முறை சென்றோம். வாயிலில் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. உள்ளே பத்துப்பேர்கூட இல்லை. தருமராசன் ரதத்தின் செதுக்கப்படாத அடிப்பாறையை அரைமணி நேரம் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தோம்.